இந்தியாவில் தந்தையர் விடுப்பு

தந்தையர் விடுப்பு என்பது, குழந்தை பிறப்பையொட்டி அக்குழந்தையின் தந்தைக்கு அவர் பணிபுரியும் இடத்தில் வழங்கப்படும் விடுப்பு ஆகும். தந்தைமை விடுப்பு, தந்தைவழி விடுப்பு என்றும் இது எழுதப்படுவதுண்டு. அலுவலகப் பேச்சில் பெரும்பாலும் பெட்டர்னிட்டி லீவ் என்றே வழங்குகின்றது. இந்தியாவில் நடுவண் அரசின் ஆண் ஊழியர்களுக்கு 1997ஆம் ஆண்டு முதல் 15 நாட்கள் முழு ஊதியத்துடன் இவ்விடுப்பு வழங்கப்படுகின்றது. எனினும் நாடு முழுவதும் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தக்கூடிய தந்தையர் விடுப்புச் சட்டம் எதுவும் இல்லை. ஆகவே ஒருவருக்கு இவ்விடுப்பு கிடைப்பதும் கிடைக்காததும் அவர் யாரிடம் பணிபுரிகின்றார் என்பதைப் பொறுத்தே அமைகின்றது. ஒரே மருத்துவமனையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு குழந்தைகளுள், வருமானவரி அலுவலக எழுத்தரின் குழந்தைக்குத் தந்தை 15 நாட்கள் உடனிருக்க விதி உண்டு. துணிக்கடை விற்பனையாளரின் குழந்தைக்கு அவ்வாறான விதி இல்லை.

பெயரும் வேறுபாடும்

தந்தையர் விடுப்பு, பெற்றோர் விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு ஆகிய மூன்றும் ஒன்றல்ல. தந்தையர் விடுப்பு பேறுகாலத்தை ஒட்டியது, குறுகியது, தந்தைக்கு மட்டும் உரியது. பெற்றோர் விடுப்பு என்பது தாயும் தந்தையும் தமக்குள் பகிர்ந்து கொள்ளக்கூடிய நீண்ட விடுப்பாகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இது உண்டு, இந்தியாவில் இல்லை. குழந்தை பராமரிப்பு விடுப்பு, பிள்ளைக்குப் 18 வயது ஆகும் வரை தேவையானபோது எடுக்கக்கூடியது. செய்தித்தாள்களில் இம்மூன்றும் ஒன்றோடொன்று குழம்புவது வழக்கம். சுவீடனில் 480 நாட்கள் தந்தையர் விடுப்பு என்று எழுதப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. உண்மையில் அது ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து வழங்கப்படும் நாட்களின் தொகையாகும்.

தோற்றம்

விடுதலைக்குப் பிந்திய இந்தியாவில் பேறுகாலம் என்பது பணிபுரியும் பெண்ணின் தேவையாக மட்டுமே சட்டத்தில் கருதப்பட்டது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அந்நோக்கில் இயற்றப்பட்டதே. குழந்தையின் தந்தை பற்றி அதில் எதுவும் கூறப்படவில்லை.

1994ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவருமான எசு. இரத்தினவேல் பாண்டியன் தலைமையில் ஐந்தாவது நடுவண் ஊதியக் குழு அமைக்கப்பட்டது. 1997 சனவரியில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. அதன் பரிந்துரைகளை ஏற்று 1997 அக்டோபரில் வெளியிடப்பட்ட ஆணை, பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 90 நாட்களிலிருந்து 135 நாட்களாக உயர்த்தியது. ஆண் ஊழியர்களுக்கு 15 நாட்கள் தந்தையர் விடுப்பையும் உருவாக்கியது. பின்னர் இது மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகள், 1972 என்னும் விதித்தொகுப்பில் 43-ஏ என்னும் விதியாகச் சேர்க்கப்பட்டது. மகப்பேறு விடுப்பு 2008இல் 180 நாட்களாக உயர்ந்தது. தந்தையர் விடுப்போ அதே 15 நாட்களில் நிற்கின்றது.

நடுவண் அரசு விதிகள்

விதி 43-ஏ சுருக்கமானது. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக உள்ள ஆண் ஊழியர், தம் மனைவியின் பேறுகாலத்தில் 15 நாட்கள் விடுப்பு பெறலாம். பயிற்சிப் பணியாளருக்கும் இது பொருந்தும். குழந்தை பிறப்பதற்கு 15 நாட்கள் முன்பிருந்து, பிறந்து ஆறு மாதங்கள் வரையிலான காலத்துக்குள் இதனை எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காலத்துக்குள் எடுக்கவில்லையெனில் விடுப்பு காலாவதியாகிவிடும். சேர்த்து வைக்கவோ பணமாக மாற்றவோ இயலாது.

விடுப்புக் காலத்தில், விடுப்பில் செல்வதற்குச் சற்று முன்னர் பெற்ற ஊதியத்துக்குச் சமமான விடுப்பு ஊதியம் வழங்கப்படும். இந்த 15 நாட்கள் ஊழியரின் விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. ஈட்டிய விடுப்பு முதலிய பிற விடுப்புகளுடன் இதனைச் சேர்த்தும் எடுக்கலாம். எனவே விடுப்பு இருப்பு உள்ள ஒருவர் ஒரு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வீட்டிலிருக்க முடியும். சாதாரணமாக எக்காரணத்தைக் கொண்டும் இவ்விடுப்பை மறுக்கலாகாது என்ற குறிப்பும் விதியுடன் உள்ளது. அரசு விடுப்பு விதிகளில் இத்தகைய குறிப்பு அரிது. பொதுவாக விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பதே அவ்விதிகளின் அடிப்படை.

ஆறு மாதக் கால வரையறை பார்வைக்குச் சிறியதொரு நடைமுறை விவரம். ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அது முக்கியமானது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வதும், குழந்தைக்கு மூன்று அல்லது ஐந்து மாதமானபின் கணவர் வீடு திரும்புவதும் இங்கு பரவலான வழக்கம். பேறுகாலத்தின்போது தாயைக் கவனிக்க அவருடைய அம்மா இருப்பார். துணையின்றிக் கைக்குழந்தையுடன் திண்டாட நேர்வது பெரும்பாலும் திரும்பி வந்த பின்னரே. மார்ச் 10ஆம் நாள் பிறந்த குழந்தைக்காக, தந்தை பிப்ரவரி இறுதியிலும் விடுப்பு எடுக்கலாம், ஆகத்து மாதத்திலும் எடுக்கலாம். பிறந்த நாளையொட்டி மட்டுமே எடுக்க வேண்டும் என்றிருந்தால் பலருக்கு அது மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் விடுப்பாகவே முடிந்திருக்கும்.

விதியின் வரம்புகளும் கவனிக்கத்தக்கவை. மனைவியின் பேறுகாலம் என்று விதி கூறுவதால், திருமணமாகாத தந்தை இதில் அடங்கார். இரண்டு குழந்தைகள் என்னும் வரம்பு குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கையிலிருந்து வந்தது. நடுவண் அரசின் மகப்பேறு விடுப்புக்கும் அதே வரம்பு உண்டு. ஆயினும் 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், மூன்றாம் குழந்தைக்கும் தாய்க்கு 12 வாரங்கள் அளித்தது. மூன்றாம் குழந்தையின் தந்தையான நடுவண் அரசு ஊழியருக்கு ஒரு நாளும் இல்லை. அக்குழந்தைக்குத் தேவைப்படும் கவனிப்பு முதற் குழந்தைக்குத் தேவைப்பட்டதை விடக் குறைந்ததல்ல என்பதால், இவ்வரம்பை விடுப்பின் நோக்கத்தோடு பொருத்திப் பார்ப்பது கடினம்.

தத்தெடுப்போருக்காக 2009இல் விதி 43-ஏஏ சேர்க்கப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முறைப்படி தத்தெடுக்கும் ஆண் ஊழியர், தத்தெடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் 15 நாட்கள் பெறலாம். 2024 சூனில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வாடகைத் தாய் மூலம் குழந்தை பெறும் தந்தைக்கும் 15 நாட்கள் உண்டு.

தனித்து வாழும் தந்தையர்

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2008 முதல் நடுவண் அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாட்கள் குழந்தை பராமரிப்பு விடுப்பு வழங்கப்பட்டு வருகின்றது. மூத்த இரு குழந்தைகளுக்கு இது பொருந்தும். ஏழாவது ஊதியக் குழு இதனைத் தனித்து வாழும் தந்தையருக்கும் விரிவாக்கப் பரிந்துரைத்தது. 2018 திசம்பரில் விதி அவ்வாறே திருத்தப்பட்டது. திருமணமாகாதவர், மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் ஆகியோர் இதில் அடங்குவர். முதல் 365 நாட்களுக்கு முழு ஊதியமும், அடுத்த 365 நாட்களுக்கு 80 விழுக்காடும் வழங்கப்படும்.

இதனால் ஒரு விந்தையான நிலை தோன்றியுள்ளது. மனைவியை இழந்த தந்தைக்கு 730 நாட்கள் கிடைக்கக்கூடும். மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில் தந்தைக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. தாய் இல்லாதபோதுதான் தந்தை பராமரிப்பவர் ஆகின்றார் என்னும் கருத்து விதியின் அமைப்பிலேயே உள்ளது எனலாம்.

மாநிலங்களும் பொதுத்துறையும்

மாநில அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநில விதிகளே பொருந்தும். கேரளத்தில் 10 நாட்கள் வழங்கப்படுகின்றது. சிக்கிம் முதலமைச்சர் 2023இல் தம் மாநில அரசு ஊழியர்களுக்கு ஒரு மாதத் தந்தையர் விடுப்பை அறிவித்தார். பொதுத்துறை வங்கி ஊழியர்களுக்கு 2015ஆம் ஆண்டின் பத்தாவது இருதரப்பு ஒப்பந்தம், நடுவண் அரசு விதியை ஏறத்தாழ அப்படியே பின்பற்றி 15 நாட்களைப் பெற்றுத் தந்தது. சட்டத்தின் மூலமாக அன்றித் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை மூலமாகக் கிடைத்தது என்பதால் இது தனித்துக் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டு நிலைமை 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த வழக்கொன்றினால் பொதுக் கவனத்துக்கு வந்தது. காவல் ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பேறுகாலத்தில் உடனிருக்க 90 நாட்கள் விடுப்பு கேட்டிருந்தார். முதலில் வழங்கப்பட்ட விடுப்பு, சட்டம் ஒழுங்குப் பணியைக் காரணம் காட்டி இரத்துச் செய்யப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்ற பின்னர், கேட்டதிலும் குறைந்த நாட்களே கிடைத்தன. அந்நாட்கள் முடியும் தறுவாயில்தான் குழந்தை பிறந்தது. குறித்த நாளில் அவர் பணிக்குத் திரும்பவில்லை. உடனே அவர் பணியை விட்டோடியவர் என அறிவிக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது.

நீதிமன்றம் அவ்வாணையை இரத்துச் செய்தது. குழந்தை வளர்ப்பில் தந்தைக்கும் பங்கு உண்டு என்பதை வலியுறுத்திய தீர்ப்பு, நடுவண் அரசு விதிகளில் உள்ளது போன்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லாததைச் சுட்டிக்காட்டி, தந்தையர் விடுப்புக்கெனத் தனிச் சட்டம் தேவை என்றும் கூறியது. விதி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வழக்கு தெளிவாகக் காட்டுகின்றது. நடுவண் அரசு அலுவலகத்தில் சாதாரணமாக மறுக்கக்கூடாத ஒன்றைக் கேட்டதன் தொடர்ச்சியாகவே, மாநிலக் காவல் துறையில் ஒருவர் விட்டோடி என்னும் பெயரைச் சுமக்க நேர்ந்தது.

தனியார் துறை

தனியார் துறையில் தந்தையர் விடுப்பு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலோ, அதன் விதிகளை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலோ தந்தைக்கு இடமில்லை. பெரிய நிறுவனங்கள் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை தாமாக முன்வந்து வழங்குகின்றன. 2019இல் சொமேட்டோ நிறுவனம், சட்டம் தாய்க்கு அளித்த அதே 26 வாரங்களைத் தந்தைக்கும் அளிப்பதாக அறிவித்தது பெரிதும் பேசப்பட்டது. அவ்வறிவிப்பு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு உரியது. உணவு கொண்டு சேர்ப்போர் இத்தகைய நிறுவனங்களில் ஊழியர்களாகக் கணக்கிடப்படுவதில்லை.

சிறு நிறுவனங்களிலும் கடைகளிலும் இத்தகைய கொள்கையே இருப்பதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஓராண்டு பணிபுரிந்தவருக்கு ஆண்டில் 12 நாட்கள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும், 12 நாட்கள் நோய் விடுப்பும், 12 நாட்கள் தற்செயல் விடுப்பும் தருகின்றது. குழந்தை பிறக்கும்போது கடை ஊழியர் இவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். அவையும் தீர்ந்துவிட்டால் சம்பளப் பிடித்தத்துடன் கூடிய விடுப்பே வழி. எழுத்து வடிவிலான பணி ஒப்பந்தமே இல்லாத தினக்கூலித் தொழிலாளருக்கு இந்த வழியும் இல்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதோடு அவருடைய கணக்கு முடிந்துவிடும்.

தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை, 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. தந்தையர் விடுப்பு எடுத்த ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தை ஒரு பள்ளி பிடித்தம் செய்தது. அரசு ஊழியருக்குள்ள சலுகை தில்லியின் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. இது தில்லியின் பள்ளிக் கல்விச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே பிற மாநிலத்தாரோ பிற துறையினரோ இதனை நேரடியாகத் தமக்குப் பயன்படுத்த இயலாது.

ஊதியத்தை யார் தருவது

தந்தையர் விடுப்பு பற்றிய விவாதம் நாட்களின் எண்ணிக்கையைச் சுற்றியே நடைபெறுகின்றது. உண்மையான சிக்கல் ஊதியத்தை யார் தருவது என்பதில் உள்ளது.

இந்தியாவில் மகப்பேறு விடுப்புக்கான ஊதியத்தைத் தருவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளர், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இ. எஸ். ஐ.) அடங்குவர். இந்த உச்சவரம்பு 2017 முதல் இருந்து வருவதாகும். அத்திட்டத்திற்கு முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் கட்டுகின்றனர். பேறுகாலத்தில் பெண் தொழிலாளிக்குப் பணம் அந்நிதியிலிருந்தே செல்கின்றது. அதற்கு மேல் ஊதியம் பெறுவோருக்கு முழுச் செலவும் முதலாளியின் தலையில் விழுகின்றது. மகப்பேறு விடுப்பு 2017இல் 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தபோது, சிறு நிறுவனங்கள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் என்ற அச்சம் எழுந்தது இதனாலேயே.

தந்தையர் விடுப்பை ஆதரிப்போர் முன்வைக்கும் வலுவான வாதம் இங்குதான் பிறக்கின்றது. விடுப்பில் செல்லக்கூடியவர் பெண் மட்டுமே என்றிருக்கும் வரை, வேலைக்கு ஆள் எடுப்பவர் அதனைப் பெண்ணுக்கு எதிரான காரணமாகக் கருதுவார். ஆணும் செல்லக்கூடும் என்றால் அக்காரணம் வலுவிழக்கும். ஆனால் செலவு முதலாளியையே சார்ந்திருந்தால், இளம் தந்தையரை எடுக்கவும் அவர் தயங்கலாம். ஆண் தொழிலாளரும் இ. எஸ். ஐ. நிதிக்குத் தவறாமல் பணம் கட்டுகின்றனர். எனினும் அந்நிதியில் தந்தையர்க்கான பயன் எதுவும் இதுவரை சேர்க்கப்படவில்லை.

பிற நாடுகள் இதனை வெவ்வேறு வகையில் தீர்த்துள்ளன. மலேசியாவில் 2023 சனவரி முதல் நடைமுறையில் உள்ள 7 நாட்களுக்கு முதலாளியே ஊதியம் தருகின்றார். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரங்கள் கட்டாயமாக்கப்பட்டன. அதற்கான தொகையை வாரத்துக்கு 2,500 சிங்கப்பூர் வெள்ளி என்ற உச்சவரம்புக்குள் அரசு ஈடுசெய்கின்றது. சுவீடனில் சமூகக் காப்பீட்டு நிதியிலிருந்து வழங்கப்படுகின்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆய்வுக்குட்பட்ட 185 நாடுகளில் 115 நாடுகள் ஏதேனும் ஒரு வகையில் தந்தையர் விடுப்பு வழங்கின.

விடுப்பு இருந்தும் எடுக்காமை

சட்டம் வந்தால் மட்டும் போதுமா என்னும் கேள்விக்கு இரண்டு நாடுகளின் அனுபவம் பயனுள்ளது. 1974இல் தாய்க்கு மட்டும் உரியதாயிருந்த காப்பீட்டைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக மாற்றிய முதல் நாடு சுவீடன். அவ்வாண்டில் எடுக்கப்பட்ட மொத்த நாட்களில் தந்தையர் எடுத்தவை 0.5 விழுக்காடு மட்டுமே. தந்தை தம் நாட்களைத் தாய்க்கு எழுதிக் கொடுத்துவிட முடிந்தது. பெரும்பாலோர் அவ்வாறே செய்தனர். 1995இல் ஒரு மாதம், ஒருவர் மற்றவருக்கு மாற்றித் தர இயலாததாக ஒதுக்கப்பட்டது. 2002இல் அது இரண்டு மாதமாகவும், 2016இல் மூன்று மாதமாகவும் ஆனது. இப்போது தந்தையரின் பங்கு சுமார் 30 விழுக்காடு.

சப்பானில் நிலைமை வேறு. அங்கு ஆண்களும் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை விடுப்பு எடுக்கச் சட்டம் நெடுங்காலமாக இருந்தது; ஊதியத்தின் ஒரு பகுதியும் காப்பீட்டிலிருந்து கிடைத்தது. ஆயினும் 2010இல் விடுப்பு எடுத்த தந்தையர் 1.38 விழுக்காட்டினரே. உடன் பணிபுரிவோர் மீது சுமை விழும் என்ற தயக்கமும், பதவி உயர்வு பாதிக்கப்படும் என்ற அச்சமும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தை பிறக்கவிருப்பதாகத் தெரிவிக்கும் ஊழியரிடம் நிறுவனமே விடுப்பு விவரத்தைக் கூறி, அவர் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும் என்றானது. பிறந்த எட்டு வாரங்களுக்குள் எடுக்கக்கூடிய நான்கு வார விடுப்பும் புதிதாக உருவாக்கப்பட்டது. 2024இல் விடுப்பு எடுத்தோர் 40.5 விழுக்காடாயினர். ஊழியர் வாய்திறந்து கேட்க வேண்டிய நிலையை மாற்றி, நிறுவனம் கேட்க வேண்டிய நிலையை உருவாக்கியதே இத்திருத்தத்தின் நுட்பம்.

சட்ட முயற்சிகள்

2016இல், மகப்பேறு விடுப்பை உயர்த்துவது பற்றிய விவாதத்தின்போது, அப்போதைய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் மேனகா காந்தி, தந்தையர் விடுப்பு ஆண்களுக்கு வெறும் விடுமுறையாகவே அமையும் என்ற கருத்தைத் தெரிவித்தார். ஆண்கள் வீட்டிலிருந்தாலும் வேலை செய்வதில்லை என்னும் அனுபவத்தின்பாற்பட்ட இக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. அவ்வழக்கம் ஒரு நாளும் விடுப்பு இன்றி எவ்வாறு மாறும் என்பது மறுதரப்பின் கேள்வி.

மகாராட்டிரத்தின் இங்கோலி தொகுதி உறுப்பினர் இராசீவ் சாதவ், 2017இல் தந்தையர் நல மசோதாவை மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தார். 15 நாட்கள் விடுப்பு, அதனை மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கும் வாய்ப்பு ஆகியவை அதில் இருந்தன. முதலாளி, தொழிலாளி, நடுவண் அரசு ஆகிய முத்தரப்பும் குறித்த விகிதத்தில் பணம் செலுத்தும் பொது நிதியொன்றையும் அது முன்மொழிந்தது. ஊதியத்தை யார் தருவது என்ற கேள்விக்கு நேரடியாக விடையளிக்க முயன்ற முன்மொழிவு என்ற வகையில் இது முக்கியமானது. தனிநபர் மசோதா எதுவும் 1970க்குப் பின்னர் இந்திய நாடாளுமன்றத்தில் சட்டமானதில்லை. இம்மசோதாவும் நிறைவேறவில்லை, 2019இல் பதினாறாவது மக்களவை கலைக்கப்பட்டதுடன் காலாவதியானது.